ஐந்தாம் கூட்டத்துக்கு ஒரு பெயர்

இன்று காலை உமது கதிரையைப் புதிதாக வந்தவருக்குக் கொடுத்தார்கள். அதன் முதுகில் தொங்கிய சுவெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஏசிக் குளிருக்கு நீர் போடுவது. உமது பவுடர் மணம் இன்னும் போகவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து நீரும் வெள்ளவத்தையிலிருந்து நானும் இந்த அலுவலகத்துக்கு வந்து, சேர்ந்து செய்த முதல் வேலை இதுதான். பெயர்கள் நீக்கிய தொலைபேசி அழைப்புப் பதிவுகளை ஆராய்வது. யார் யாரோடு கதைத்தார் என்பது மட்டும். இன்னார் இப்படிப்பட்டவர் என்று சொல்லித்தர எவருமில்லை. ஒருவரை எதைக்கொண்டு அறிவது என்று நாமே தேடினோம். எத்தனை பேரோடு கதைக்கிறார், அவர்கள் தங்களுக்குள் கதைக்கிறார்களா, வெளிநாட்டு அழைப்பு வருகிறதா என்று ஒவ்வொருவரையும் சில எண்களாக்கினோம். அவற்றை வைத்துக் கணினி தானாகவே ஆட்களைக் கூட்டங்களாகப் பிரித்தது.

ஐந்தாவது கூட்டம் மிக நெருக்கமானது. வெளிநாட்டிலிருந்து ஒரு அழைப்பு வந்தால் போதும், உடனே எல்லோரும் ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள். மேலாளர் அதற்குச் ‘சந்தேகத்துக்குரியோர்’ என்று பெயர் வைக்கச் சொன்னார்.

நீர் குரலை உயர்த்தவில்லை. “சேர், லண்டன்ல இருந்து மாமா எடுத்தா, அம்மா உடனே சித்திக்கு எடுப்பா. சித்தி எனக்கு எடுப்பா. இது சந்தேகமில்ல சேர், குடும்பம்.”

“அப்ப என்ன பேர் வைக்கிறது?”

“பேர் வேணாம். அஞ்சு எண்டே இருக்கட்டும்.”

நீர் இருந்தவரை அப்படியே இருந்தது. டெங்கு வந்தது, ஒரு கிழமைக்குள் போய்விட்டீர்.

இன்று மேலாளர் அந்தப் பேச்சை மறுபடி எடுத்தார். நான், “ஏலாது சேர்” என்றேன்.

“நீங்க வைக்காட்டி வேற ஆள் வைப்பார்.”

பின்னேரத்துக்குள் வேறொருவர் கையால் அந்தப் பெயர் ஏறிவிட்டது. வீட்டில் அம்மா படுத்த படுக்கை. வேலையை விட வழியில்லை. நாளைக்கும் அதே திரைக்கு முன்னால்தான் இருக்கப்போகிறேன். அந்தக் கூட்டத்துக்குள்ளும் நான்தான் இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கனடாவிலிருந்து அக்கா எடுத்தாள். இதுவும் எண்ணாகி ஐந்தாம் கூட்டத்தில் போய்ச் சேருமே என்று கை தயங்கியது. சொந்த அக்காவின் அழைப்புக்குத் தயங்கியதை நினைக்க வெட்கமாக இருந்தது. எடுத்தேன். கதைத்து முடித்ததும் தெஹிவளையிலிருக்கும் தம்பிக்கு எடுத்து, “அக்கா கதைச்சவ. எல்லாரும் சுகமாம்” என்றேன். உம்மிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான். பயம் போகவில்லை, ஆனாலும் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.