அளவு இறங்கிவிட்டது

கணவர் அவர்களுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி, அடித்துவிட்டேன்.

என்னைக் கேட்காமல் என் தையல் மிஷினைப் பால்கனிக்குத் தள்ளி, அது இருந்த அறையை உங்கள் தம்பிக்குக் கொடுத்தீர்கள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாயே வாயை மூடிக்கொண்டது. நீங்களோ வந்திருந்தவர்களிடம், "அவளுக்கு ஹார்மோன் கோளாறு, கண்டுக்காதீங்க" என்று சிரித்தீர்கள்.

அக்கா வீட்டுக்கு வந்ததும் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தேன். மன அழுத்த ஹார்மோன் எகிறித்தான் இருந்தது.

"அது ஏறினா கோபம் வரும். கோபத்துலயே இருந்தா அதுவும் ஏறும்மா. வீட்ல யாரு இருக்கா?" என்றார் டாக்டர்.

அரை மணி நேரம் உங்கள் புகழ் பாடினேன். பாவம், தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

மூன்று வாரம் கழித்து நேற்று மறுபடி பரிசோதித்துப் பார்த்தோம். அளவு இறங்கிவிட்டது, கோபம் இறங்கவில்லை. ஆக, இந்தக் கோபம் முழுக்க என் சொந்தச் சம்பாத்தியம். தம்பி அறையைக் காலி செய்யட்டும், வருகிறேன்.

இப்படிக்கு,
கோளாறு ஏதுமில்லாத உங்கள் மனைவி