உன்னைச் சுவராக நிற்க வைத்தார்கள்

மாப்ளே,

ஆட்டுக்கொழுப்பு நாற்றம் கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. மழைக்காலம் தொடங்கிவிட்டதல்லவா, காலையிலிருந்து பந்துகளுக்குக் கொழுப்பு பூசிக்கொண்டிருக்கிறேன். பூசாவிட்டால் தோல் தண்ணீரைக் குடித்துக் கல்லாகிவிடும். முன்பெல்லாம் ரயில்வே பட்டறைக்குப் பின்னால் நீயும் நானும் உட்கார்ந்து செய்வோம். நீ பூசியதைவிட உருட்டிப் பார்த்ததுதான் அதிகம். "இது இடது பக்கம் இழுக்குதுடா" என்பாய். எனக்கு எல்லாப் பந்தும் உருண்டைதான். இன்று தனியாக உட்கார்ந்து பூசினேன். உன்னிடம் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் கோல்காரன், கோலைக் காத்து நிற்கிறவன். மற்றவர்கள் ஆடுவார்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் உன் ஆட்டத்தை என்னளவுக்கு முழுசாகப் பார்த்தவன் ரங்கூனில் கிடையாது. நீ சென்டர் ஹாஃப், மைதானத்தின் நடு ஆள். வெறுங்கால், கணுக்காலில் சுற்றிய துணி, அவ்வளவுதான். என் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு, எதிரில் பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்தாலும் சாவகாசமாக நடப்பாய். ஒருவன் பாய்ந்து வரும்வரை பந்தை வைத்திருப்பாய். அவன் வழுக்கி விழுந்ததும் அவனைத் தாண்டித் தட்டிவிடுவாய். இடது ஓரத்தில் ஓடும் கோ மாங்குக்குத் தமிழ் தெரியாது, உன் பர்மியமோ கடைத்தெருவோடு சரி. ஆனாலும் பந்து அவன் காலடிக்கே போய்ச் சேரும். அவன் அதைக் கோட்டை விட்டாலும் நீ கோபித்ததில்லை. "கெய்ச்சா மஷிபூ, பரவாயில்ல, இன்னொண்ணு தர்றேன்" என்பாய்.

நம் துரை கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். பட்டறையில் நமக்கு ஃபோர்மன், மைதானத்தில் பயிற்சியாளர். மதராஸில் இருந்தபோது கற்ற தமிழை வைத்துக்கொண்டு நம்மோடு மல்லுக்கட்டுவார். ஆஃப்சைடு சட்டம் மாறிய செய்தி கப்பல் தபாலில் வந்த பத்திரிகையில் இருந்தது. பந்தை வாங்கப் போகிறவனுக்கு முன்னால் எதிராளிகள் மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது பழைய சட்டம். இனி இரண்டு பேர் போதும். கோல் மழையாகக் கொட்டும் என்று பயந்து, அவருடைய ஊர் அணிகள் புது வழி கண்டுபிடித்தனவாம். நடு ஆளைப் பின்னுக்கு இழுத்து, கோலுக்கு முன்னால் காவலுக்கு நிறுத்திவிடுவது.

துரை தரையில் கரிக்கட்டியால் கோடு போட்டு உன்னைக் கூப்பிட்டார். "நீ இங்க நில்லு. செவுரு மாதிரி. பந்து வந்தா தூர அடி. முன்னால போவாதே."

"எவ்வளவு நேரங்க தொரை?"

"எப்பவும்."

நீ கோட்டில் போய் நின்றாய். மறுத்துப் பேச முடியாது. அணியில் இருக்கும்வரைதான் நம்மைப் போன்றவர்களுக்குப் பட்டறை வேலை. அணியை விட்டுப் போனால் மேல் பர்மாவின் மலைப்பாதையில் தண்டவாளக் கூலிகளோடு சேர்த்துவிடுவார்கள். போனவர்கள் காய்ச்சலோடு திரும்புவதையும் திரும்பாமல் போவதையும் நாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்.

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் உன் வீட்டில் உட்கார்ந்து யோசித்தோம், உன் பழைய இடத்தையே தரச் சொல்லி துரையிடம் கேட்பது என்று. வெறுங்கையோடு போய்க் கேட்கக் கூடாது என்று உன் அக்கா தட்டு ஜோடித்தார். வாழைப்பழம், எலுமிச்சம்பழம், நடுவில் மங்குஸ்தான், மேலே ஒரு முழம் பூ. நாற்றமடிக்கிற டுரியன் பழமும் வைக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "தொரை வீட்டக் காலி பண்ணிட்டு ஓடணுமா?" என்றார். பெரியவர்களிடம் முதலில் தட்டைக் கொடுத்து, அவர்கள் முகம் மலர்ந்தபின் மெல்ல விஷயத்துக்கு வருவதுதானே நம் வழக்கம்?

முகம் நன்றாகவே மலர்ந்தது. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்ட துரை, "ஓ! புது இடம் உனக்குப் புடிச்சிருக்கு! தேங்க்ஸ் சொல்ல வந்தே!" என்றார். துரைசானியைக் கூப்பிட்டுக் காட்டினார். உன் கையைப் பிடித்துக் குலுக்கியவர் விடவே இல்லை. நீ என்னைப் பார்த்தாய். நான் தட்டைப் பார்த்தேன். துரைசானி அதற்குள் ஒரு மங்குஸ்தானை உடைத்து வாயில் போட்டுக்கொண்டுவிட்டாள்.

"ஆமாங்க தொரை," என்றாய்.

வேறு என்னதான் சொல்லியிருப்பாய்? அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரிடம் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தாய். "நம்ம பழத்தையும் குடுத்து நம்ம எடத்தையும் குடுத்துட்டு வர்றோம்டா." நானும் சிரித்தேன்.

இதில் கொடுமை என்னவென்றால், துரையின் வழி பலித்தது. கோல் விழுவது குறைந்தது. என் கைக்கு வேலையே இல்லை. எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். நீ எனக்கு முன்னால் நின்று வருகிற பந்தையெல்லாம் தலையால் முட்டினாய், காலால் வெளுத்தாய். நீ பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கும். பந்து நடு மைதானத்தில் கிடக்கும்போது உன் வலது கால் தானாக ஒரு அடி முன்னால் போகும், உடனே பின்னால் வந்துவிடும். கட்டிப்போட்ட மாடு பசும்புல்லைப் பார்க்கிற மாதிரி இருக்கும். பார்க்கப் பொறுக்காமல் நான் ஆட்டம் பார்க்கிறவர்களின் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பட்டாளத்து அணியோடு ஆடிய அன்று அந்தக் கால் பின்னால் வரவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு நீ நடந்தாய். ஒருவனைத் தாண்டினாய், இன்னொருவன் சேற்றில் உட்கார்ந்தான். கூட்டம் எழுந்து நின்றது. கோ மாங் கை தூக்கினான், நீ தட்டினாய், சரியாகத்தான் தட்டினாய். பந்து அவனுக்கு ஒரு கை தூரத்தில் சேற்றில் சிக்கி நின்றுவிட்டது. அவர்கள் அதை எடுத்து உயர அடித்தார்கள். நீ நிற்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. நான் மட்டும் இருந்தேன். கோல் விழுந்தது, தோற்றோம்.

உன்னை அணியை விட்டு எடுக்க வேண்டாம் என்று மறுநாள் துரையிடம் கெஞ்சிப் பார்த்தேன். அவர் கத்தவில்லை. "அவன் நல்ல ஆட்டக்காரன். எனக்கே தெரியும். ஆனா என் ஆட்டத்துக்கு அவன் ஆள் இல்லை." அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அதைப் பார்த்தபின் யாரோடு சண்டை போடுவது?

உன்னை மலைப்பாதைக்கு ஏற்றிவிட வந்த ரயிலடியில் நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்தே. அந்தப் பந்தக் குடுத்தது தப்பாடா?"

"தப்பில்லடா."

"அப்பச் சரி," என்று ஏறிக்கொண்டாய். அடுத்த மழைக்காலம் வருவதற்குள், மலைப்பாதை ரயிலில் வந்த கார்டு சொல்லித்தான் நீ காய்ச்சலில் போனது தெரிந்தது. எரித்து முடித்திருந்தார்கள். அக்காவிடம் போய்ச் சொன்னவன் நான்தான். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

உன் இடத்தில் இப்போது வாட்டசாட்டமான ஒருவன் நிற்கிறான். நிற்கச் சொன்னால் நிற்பான். துரையின் ஆட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த ஆள். நல்லவன்தான், எனக்குச் சுருட்டெல்லாம் வாங்கித் தருகிறான்.

போன சனிக்கிழமை துறைமுக அணியோடு ஆட்டம். ஒரு கோல் முன்னால் இருந்தோம். அவர்களுடைய நடு ஆள், பெயர்கூட எனக்குத் தெரியாது, வெறுங்காலோடு பந்தை எடுத்துக்கொண்டு நடந்து வந்தான். ஓடவில்லை மாப்ளே, நடந்து வந்தான். தலையைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தான். நம்முடைய புது ஆள் அவன் கால்மேல் பாயக் கிளம்பினான். கோல்காரன் நான், "அடிடா" என்று கத்தியிருக்க வேண்டும். மைதானம் முழுக்கக் கேட்கும்படி நான் கத்தியது வேறு.

"விடுடா அவன, ஆடட்டும்!"

நம் புது ஆள் திகைத்து நின்றுவிட்டான். பந்து என்னைக் கடந்து உள்ளே போனது. துரை ஓரக்கோட்டு நாற்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நாளைக் காலை தம்மை வந்து பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பழத்தட்டு ஒன்றும் கொண்டுபோகப் போவதில்லை.