சத்தமே போடாத பர்னர்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. எனக்கோ நாலு நாளாகக் கால் தரையில் பாவவில்லை, காரணம் உன் மாமா. அம்மாவுக்கு அண்ணனாகப் பிறந்தது போதாதென்று குட்டி நீராவி ரயில்கள் செய்து ஓட்டும் எங்கள் சங்கத்துக்கும் செயலாளராகிவிட்ட மனிதர். என் குட்டி இன்ஜினின் கேஸ் பர்னர் ஊளையிடுகிறது என்று போன மாதம் தண்டவாளத்திலிருந்து இறக்கினவரும் அவர்தான். “மாப்ள, இது இன்ஜினா, வயித்துவலி வந்த நாயா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார், மறப்பேனா? நான் செய்த புத்தக அலமாரியைப் பார்த்து “சாஞ்சிருக்கே” என்றதையே இன்னும் மறக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மறு சோதனை, அதிலும் தவறினால் கேஸ் இன்ஜினுக்கே இனி சங்கத்தில் இடமில்லை, மற்றவர்களைப் போலக் கரிதான் என்று தீர்மானம் வேறு.

பர்னர் என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை, விரல் தடிமனில் ஒரு பித்தளைக் குழாய், அதில் வரிசையாக ரம்பத்தால் போட்ட கீறல்கள், பின்னால் கண்ணுக்கே தெரியாத துளையிலிருந்து கேஸ் பீறிட்டுப் பக்கத்துத் துளை வழியே காற்றை இழுத்துக்கொள்ளும். இன்ஜினைச் சமையல் மேடையில் வைத்துக் காற்றுத் துளைமேல் ஒரு வளையம் போட்டு நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன், அம்மா “இருக்கற அடுப்பு போதாதா?” என்று முணுமுணுத்தபடி சுற்றி நடந்தாள். ஒருவழியாக ஊளை நின்றது, நீலச் சுவாலை தூங்கும் பூனை மாதிரிக் கிடந்தது. ஞாயிறன்று தண்டவாளத்தில் பற்றவைத்தேன், எரிந்தது, இன்ஜினின் முன்கதவைச் சாத்தினேன், அணைந்தது. மறுபடியும் அதே கதை. “இன்னும் ஒரு தடவைதான் மாப்ள” என்றார் மாமா, அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நீ கேட்டிருக்க வேண்டும். அப்போதுதான் உறைத்தது, சுவாலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஆசையில் வீட்டில் ஒரு தடவைகூட அந்தக் கதவைச் சாத்தாமலேயே எல்லாவற்றையும் சரிசெய்திருக்கிறேன். சாத்திவிட்டால் உள்ளே காற்றோட்டமே வேறு. கேஸைக் குறைத்து, வளையத்தை மயிரிழை பின்னுக்குத் தள்ளி, பற்றவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சாத்தினேன்.

ஒரு சத்தமும் இல்லை. “அணைஞ்சிடுச்சு, எடுத்துடு” என்றார் மாமா. அழுத்தமானி என் பக்கம் இருந்தது, முள் ஏறுவது எனக்கு மட்டும்தான் தெரிந்தது, நான் வாயே திறக்கவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மனிதர் குனிந்து காதை வைத்தார் பார், அந்த நேரத்தில் பாதுகாப்பு வால்வு புஸ்ஸென்று திறந்துகொண்டது. காயமெல்லாம் இல்லை, மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி, அந்த வயதில் அவ்வளவு உயரம் குதிப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு என் இன்ஜின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு சுற்றிய சுற்றில் எனக்கே தலை சுற்றியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு “சரி, ஓடட்டும்” என்றவர், என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், “கரி அள்ளி அள்ளி இடுப்பு போச்சு மாப்ள, எனக்கும் இதே மாதிரி ஒண்ணு பண்ணித் தாயேன்” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். குழாயை நேற்றே வெட்டிவிட்டேன். ஆனால் தினமும் போன் செய்து கெஞ்சுகிறார், அந்த மணிச் சத்தம் காதுக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது தெரியுமா.

வேலையில் நல்ல பெயரோடும் உடம்பில் தெம்போடும் நீ நன்றாக இரு. அம்மாவிடம் மட்டும் உளறிவிடாதே, மாமா உன்னைக் கேட்டால் அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்.

இப்படிக்கு,
தலைகால் புரியாத உன் அப்பா