பதினோராம் பக்கத்தில் நின்ற விரல்

அப்பா, நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன், என் தவறையும் சேர்த்து.

இன்று என் கதை நோட்டைத் திறந்தேன். நீங்கள் தோளுக்குப் பூசும் தைலத்தின் வாசனை இன்னும் போகவில்லை. வரிக்கு வரி உங்கள் விரல் ஊர்ந்த எண்ணெய்க் கறை. பதினோராம் பக்கத்தின் நடுவில் அது நின்றுவிடுகிறது.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதும், நம் வீட்டு விலாசத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் பிழையில்லாமல் எழுதினீர்கள். அடுத்த நிமிடம் அதையே பார்த்து, "இது ஆருக்க எழுத்து?" என்றீர்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கண்ணினு குழப்பமில்லா" என்றார் டாக்டர்; கண்ணில் கோளாறு இல்லையாம். பக்கவாதம், மூளை எழுத்தை அடையாளம் காணும் வழியை அடைத்துவிட்டதாம். எழுதும் கைக்கு மட்டும் எழுத்து மறக்கவில்லை. விரலால் வரைந்து பார்த்தால், கை மூளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்றார்.

பள்ளி ஆண்டு மலருக்காக, எழுத்தை இழந்த ஒரு அப்பாவின் கதையை எழுதி, வாசித்துக்காட்ட வந்தேன். நீங்கள் நோட்டை வாங்கிக்கொண்டீர்கள். "நீ வாசிச்சா அது ஒனக்க கதை. நான் வாசிச்சாத்தான் எனக்க கதையாக்கும்."

நான் அழுத்தி எழுதுவேன். "எழுதுதியா, உழுதியா மக்கா?" என்பது உங்கள் பழைய கேலி. அந்தப் பள்ளம்தான் விரலுக்கு வழிகாட்டியது. நாளுக்கு நாலு வரி. கதையில் அந்த அப்பா பேருந்தைப் பிடிக்க ஓடும் இடத்தில், உங்கள் கால் பாயில் அசைந்தது. ஓட்டத்தை வாசித்தால், ஓடவைக்கும் மூளைப்பகுதியும் விழிக்கக்கூடும் என்று பிறகு நூலகத்தில் படித்தேன்.

மலருக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. பொறுமையிழந்து, "கடைசியில அவருக்கு வாசிக்க வந்திரும், அவ்வளவுதான் அப்பா" என்று நோட்டை இழுத்தேன்.

விரல் நின்றது.

"கதைய கொன்னுப்போட்டியே மக்கா" என்று சிரித்தீர்கள். "போட்டு, பரவாயில்ல. முடிவு தெரிஞ்சா என்ன, அங்க எப்படிப் போறான்னு பாக்கண்டாமா? நாளைக்குத் தா."

மறுநாள் விடியும் முன் பக்கவாதம் இரண்டாம் முறை வந்தது. நீங்கள் போய்விட்டீர்கள்.

மலருக்கு நான் கதையைக் கொடுக்கவில்லை. கதையின் பழைய முடிவை இன்று அடித்துவிட்டேன். கதையில் அப்பாவின் விரல் பாதியில் நிற்கிறது. மகள் அங்கிருந்து தொடர்கிறாள். அடுத்த மலருக்கு இதைத்தான் கொடுப்பேன். மேற்படிப்புக்கு மூளையா இலக்கியமா, ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறார்கள் பள்ளியில். இரண்டையும் படிப்பேன்.

இப்போது கறை நின்ற இடத்தில் என் விரலை வைத்திருக்கிறேன். உங்கள் வேகத்தில்தான் போகிறேன், நாலு வரி.

"படுக்கலியா மக்கா?" அம்மா விளக்குச் சுவிட்சில் கைவைத்து நிற்கிறாள்.

"அணைச்சிருங்கம்மா. விரலுக்கு வெட்டம் வேண்டாம்."

விளக்கை அணைத்தாயிற்று.