ஐந்தரைக் கட்டை

13.2.1973, செவ்வாய்

"சேர், அந்தப் பிள்ளையைப் பாட வேண்டாம் எண்டு சொன்னது நான்தான்." இன்று நான் சொல்லாமல் விட்ட வாக்கியம் இது.

பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கும் சங்கீத வித்தியாதரிசி கனகசபாபதி முன்னறிவித்தல் இல்லாமல் வந்தார். என் வேலை நிரந்தரமாவது அவருடைய அறிக்கையில் தங்கியிருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் எழுந்து நின்று பாடினார்கள். நான் ஆர்மோனியத்தில் ஐந்தரைக் கட்டையை அழுத்தினேன். நான் சின்ன வயதிலிருந்து பாடிப் பழகிய சுருதி. போன சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு அந்தக் கட்டையில் இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. நயினாதீவில் எங்கள் வீட்டு வழக்கம்: அவரவர் சுருதிக்கு ஒரு பொட்டு.

இரண்டாவது வரியில் அவர் கையை உயர்த்தினார். "பின்வரிசை வாங்கிலை நிக்கிற பிள்ளை வாயை மட்டும் அசைக்கிறா. ஏன்?"

சிவக்கொழுந்து. மேலே ஏறும் இடத்தில் பிசகி மற்றவர்களையும் இழுத்துவிடுகிறாள் என்று, போன மாதம் அவளிடம் சொன்னேன்: "நீர் வாயை மட்டும் அசையும், அதுவே காணும்."

"அவவுக்குத் தொண்டை நோ, சேர்," என்றேன்.

சிவக்கொழுந்து என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. பெரியவர்கள் இப்படித்தான் என்று மனதில் குறித்துக்கொண்டதுபோல ஒரு பார்வை.

15.2.1973

சங்கீத பாடம். வாயசைத்தாள். முன்னையிலும் நன்றாக அசைக்கிறாள்.

20.2.1973

பஸ்ஸில் மாக்கிறேற்றிடம் சொன்னேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள், ஊர்காவற்றுறைக்குப் போகும்போது எனக்குப் பக்கத்தில்தான் இருப்பாள்.

"இதுக்கே இப்பிடி முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறீர், பர்வதம்? என்னையும் சின்னனிலை மாதா கோயில் பாட்டுக்காரரோடை விட்டிட்டு, 'நீ சும்மா நில்' எண்டவை. அண்டையிலை இருந்து பூசைக்குப் போனாலும் நான் வாய் திறக்கிறேல்லை. சுவாமியாருக்கு நிம்மதி!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. இருபது வருடமாக வாய் திறக்கவில்லை.

1.3.1973

பாட்டுக் கட்டும் பாடம். கண்ணால் கண்ட ஒன்றைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னேன். இருபத்தொரு பேர் மலையருவியைப் பற்றி எழுதியிருந்தார்கள். மலையே இல்லாத நாரந்தனையில்!

"தியாகலிங்கம், அருவியை எங்கை கண்டனீர்?"

"கலண்டரிலை, ரீச்சர்."

கண்ணால் கண்டதுதானே. சரி போட்டேன்.

அடுத்தது சிவக்கொழுந்தின் கொப்பி:

கணக்குக் கொப்பியை ஆடு திண்டிட்டுது
கேட்டால் ஆரும் நம்பேல்லை
ஆட்டைக் கொண்டந்து காட்டினன் ரீச்சர்
அதுவும் வாயே திறக்கேல்லை

வாய்விட்டுச் சிரித்தேன். கடைசி வரியைத் திரும்ப வாசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"நல்லாயிருக்கு. இதைப் பாடிக் காட்டும்."

"ஏலாது, ரீச்சர். தொண்டை நோ."

மற்றப் பிள்ளைகள் குனிந்து தங்கள் கொப்பிகளைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

6.3.1973

பள்ளிக்கூடம் விட்ட பிறகு கொப்பிகளை எடுக்கத் திரும்பி வந்தேன். கிணற்றடியில் இரண்டு சிநேகிதிகளுக்கு அவள் ஆட்டுப் பாட்டைப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் மதிலுக்கு இந்தப் பக்கம். தாழ்ந்த குரல், தடித்த குரல். ஒரு சுரம் பிசகவில்லை.

சங்கீத அறைக்கு ஓடிப்போய் ஆர்மோனியத்தைத் திறந்தேன். கிணற்றடியிலிருந்து சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கட்டையாக இறங்கினேன். ஐந்து. நாலு. மூன்றில் அவள் குரல் அப்படியே பொருந்தியது.

பிசகு அவளிடத்தில் இல்லை. முப்பத்தொரு பிள்ளைகளை என் ஒருத்தியின் சுருதிக்குத் தூக்கிப் பிடித்துவிட்டு, எட்டாதவளைப் பார்த்து வாயை மூடு என்றிருக்கிறேன். இவ்வளவு புத்தகம் வாசிக்கிறேன், ஒரு கட்டையை மாற்றிப் பார்க்கத் தோன்றவில்லையே! பொட்டு இருந்த இடத்துக்குத்தான் விரல் போனது, ஒவ்வொரு நாளும்.

இனி என்ன செய்வது? பேசாமல் சுருதியை மட்டும் இறக்கிவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. — ஏன், அவளுக்குத் தெரியாதா?

8.3.1973

சொல்லிவிட்டேன். வகுப்புக்கு முன்னால்.

"அண்டைக்கு சிவக்கொழுந்துக்குத் தொண்டை நோ இல்லை. பாடாதையும் எண்டு சொன்னது நான். சேரிட்டைப் பொய் சொன்னதும் நான். பிழை அவவின்ரை குரலிலை இல்லை, நான் வைச்ச சுருதியிலை."

தியாகலிங்கம் மெல்லக் கேட்டான்: "அப்ப ரீச்சர், எனக்கும் எட்டிறேல்லை. நானும் வாய்தான் அசைக்கிறனான்." இன்னும் நாலு கைகள் உயர்ந்தன. நான் சொல்லாமலே அசைத்துக்கொண்டிருந்தவர்கள்!

மூன்று கட்டையை அழுத்தினேன். முதல் வரியில் அவள் பாடவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது வரியில் பின்வரிசையிலிருந்து அந்தக் குரல் வந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

பஸ்ஸில் மாக்கிறேற் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், "என்ன, லொத்தர்ச் சீட்டு விழுந்ததே?"

12.6.1973

கனகசபாபதி சேர் மறுபடி வந்தார். பிள்ளைகள் பாட முன்னரே பெப்ரவரிப் பொய்யைச் சொல்லிவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்து முடிக்கும்வரை என் வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

"அறிக்கையிலை நான் தொண்டை நோ எண்டு எழுதேல்லை," என்றார். "அந்தப் பிள்ளையின்ரை முகத்திலை நோ தெரியேல்லை. சரி, பாடட்டும்."

ஆட்டுப் பாட்டு. கேட்டு முடித்துவிட்டுச் சிவக்கொழுந்திடம் மிகக் கடுமையாகக் கேட்டார்: "ஆடு உண்மையாத் திண்டதோ?"

"ஓம், சேர். எட்டாம் வாய்ப்பாடு வரைக்கும். ஒன்பது அதுக்கும் ஏலாமப் போச்சு."

மனிதர் கதிரையில் சாய்ந்து சிரித்தார். நானும்தான். எத்தனை மாதத்துக்குப் பிறகு.

5.10.1973

சரஸ்வதி பூசை. ஆர்மோனியத்தின் மேற்பலகையில் பொட்டு வைத்தேன். கட்டைகளில் வைக்கவில்லை.

29.11.1973

நிரந்தர நியமனக் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இன்று பரிசளிப்பு விழா. சிவக்கொழுந்து தனியாகப் பாடினாள், மூன்று கட்டையில். நான் ஆர்மோனியம் வாசித்தேன். கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து சேர்ந்து பாடினோம். எனக்குப் பக்கத்தில் நின்று மாக்கிறேற்றும் பாடினாள்.