மதன் அண்ணா சிரித்த படம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து காற்று, நடுநடுவே சாரல். யூனிஃபார்ம் காயவில்லை. ஈரத்தோடே போட்டுக்கொண்டு போனேன். இப்போது போர்வைக்குள் டார்ச். பக்கத்தில் தம்பி. அம்மா புரண்டு படுத்தால் நிறுத்திவிட வேண்டும்.

மதன் அண்ணா போன வெள்ளிக்கிழமை இறந்துவிட்டார். மஞ்சள் காமாலை. காலேஜ் ஃபுட்பால் டீமில் ஒன்பதாம் நம்பர். வால்பாறையில் எஸ்டேட் லைன் வீடு, இங்கே ஹாஸ்டல். எங்கள் ஸ்கூல் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம்தான் அவர்கள் கிரவுண்டு. மேட்ச் இருந்தால் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி நின்று பார்ப்போம். எந்தப் பக்கம் அடிக்கப் போகிறார் என்று கீப்பருக்குக் கடைசிவரை தெரியாது.

இன்று யாரும் பயிற்சி செய்யவில்லை. பி.டி. மிஸ் பந்துப் பையை அவிழ்க்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு அன்று மதன் அண்ணா நினைவாக மேட்ச். அவர் அம்மா வருகிறார். பெரிய மேட்ச்சுக்கு முன்னால் பெண்களுக்கு ஒரு சின்ன மேட்ச். எங்கள் கேப்டன் ரஜியா என்னைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டாள். கோல்கீப்பர்: நான்.

பயிற்சி நாட்களில் நான் ஸ்பெஷல் கிளாஸில் இருப்பதாக வீட்டில் நினைப்பு. பெரியப்பா மகள் சுதா அக்காவுக்குக் கபடியில் கை முறிந்தது. இரண்டு மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போனதற்கு அந்தக் கைதான் காரணம் என்று இன்னும் பேச்சு. அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார், "என்ற புள்ளைங்க கிரவுண்டுப் பக்கமே போகக் கூடாது."

தெரிந்தால்: 1. டி.சி. 2. ஹாஸ்டல். 3. அம்மா சாப்பிட மாட்டாள்.

ஜூலை 9, புதன்

கணக்கு டெஸ்ட், பரவாயில்லை. பேனா மூடி தொலைந்தது.

பஸ் ஸ்டாப் பேக்கரியில் ஒரே கூட்டம். எல்லோரும் ம. அண்ணா ரசிகர்கள். காலேஜ் பையன்கள், ஆட்டோக்காரர்கள். அஞ்சலி போர்டுக்குப் படம் தேடுகிறார்கள். இருப்பதெல்லாம் முறைத்துக்கொண்டு நிற்கும் படங்கள். கேமராவைக் கண்டாலே அவருக்கு முகம் இறுகிவிடுமாம்.

பேக்கரி மாமா: "தோத்த அன்னைக்குத்தானுங்க எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் குடுப்பான். ஜெயிச்சா கடனு சொல்லிப்போட்டு ஓடிருவான்."

ரஜியா தன் போனில் இருந்த ஒரு படத்தைக் காட்டினாள். எங்கள் ஸ்போர்ட்ஸ் டே. சிறப்பு விருந்தினராக வந்த அண்ணா விளையாட்டுக்கு எனக்கு ஐந்து பெனால்டி அடித்தார். நான்கு உள்ளே. ஐந்தாவதை எப்படிப் பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் என் தலையில் கை வைத்து, வாய் முழுக்கத் திறந்து சிரிக்கிறார். நான் பந்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், டிரவுசர், க்ளவுஸ்.

"இதுதானுங்க மதனு," என்றார் பேக்கரி மாமா.

என்னை வெட்டிவிடச் சொன்னேன். "வெட்டிரலாம் பாப்பா, கவலையே படாத," என்றார் விக்னேஷ் அண்ணா. ம. அண்ணாவின் ரூம் மேட்.

ஜூலை 10, வியாழன்

வெட்டவில்லை.

என்னை வெட்டினால் அண்ணாவின் கையும் போய்விடும் என்று போர்டு அச்சடிக்கும் கடைக்காரர் விட்டுவிட்டாராம். அது மட்டுமா. கண்ணீர் அஞ்சலிக்கு அவரிடம் எப்போதும் ஒரே டிசைன். அண்ணா பக்கம் ஒரு குத்துவிளக்கு, என் பக்கம் ஒரு குத்துவிளக்கு. இருவர் தலையிலும் ரோஜா இதழ் கொட்டுகிறது. பஸ் ஸ்டாப்பில், மெயின் ரோட்டைப் பார்த்து.

பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"அண்ணனும் தங்கச்சியுமாட்ட இருக்குதுங்க. ரெண்டும் ஒண்ணாப் போயிருச்சா?"

"பைக்குல போயிருக்கும். இந்தக் காலத்துப் பசங்க சொன்னாக் கேக்குதுகளா?"

"அந்தப் புள்ள மொகத்தைப் பாரு, என்ன லட்சணம்." பிறகு என் பக்கம் திரும்பி, "கண்ணு, நீயும் அந்த ஸ்கூலுதானே? அந்தப் புள்ளையத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

இறங்கும்வரை துப்பட்டாவை முகத்திலிருந்து எடுக்கவில்லை. ரஜியாவிடம் சொன்னபோது சிரித்தாள், உடனே அழுதாள். நானும். விக்னேஷ் அண்ணா நாளை மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். அச்சுக் கடை இன்று பூட்டியிருக்கிறதாம்.

அப்பாவின் பட்டறை பஸ் ஸ்டாப்பிலிருந்து இரண்டு சந்து தள்ளி.

ஜூலை 11, வெள்ளி

நடந்துவிட்டது.

நான்காம் பீரியடில் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். அப்பா நிற்கிறார். பட்டறைச் சட்டை, கையெல்லாம் ஆயில், காலில் செருப்பு இல்லை. என்னைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பட்டறையில் லேத் ஓட்டும் பழனிசாமி அண்ணன் டீ குடிக்கப் போனவர் போர்டைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்து, "அண்ணே, பாப்பா, போர்டுல..." அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. அப்பா வண்டியை எடுக்கக்கூட இல்லையாம். ஓடியே வந்திருக்கிறார்.

ரொம்ப நேரம் கழித்து, "சாப்டியா கண்ணு?" என்றார்.

வீட்டுக்கு நடந்தோம். போர்டுக்கு முன் நின்றார்.

"ஆரு இது?"

சொன்னேன். எல்லாவற்றையும்.

"அவன் அடிச்சதையா நீ புடிச்ச?"

"ஆமாங்கப்பா. ஒண்ணுதான்."

பிறகு வீடு வரை என் புத்தகப் பையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். முதுகில் ஓர் அடி. பிறகு மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். பிறகு, "டி.சி. வாங்கீட்டு வாங்க" என்று அப்பாவிடம். அப்பா கை ஆயிலைக் கழுவப் போய்விட்டார். அவர் கத்தினால் பயம் இவ்வளவு இருக்காது.

ஜூலை 12, சனி

லீவு. வெயில் எட்டிப் பார்த்தது. வெளியே விடவில்லை.

மதியம் பேக்கரி மாமாவும் விக்னேஷ் அண்ணாவும் வீட்டுக்கே வந்தார்கள். கையில் தேங்காய் பன் பெட்டி.

"தப்பாயிப்போச்சுங்க. மன்னிச்சிருங்க."

"உசுரோட இருக்கற புள்ளைக்கு வெளக்கேத்தி வெச்சுப்போட்டீங்களே," என்றாள் அம்மா. "நீங்க பன்னு கொண்டாந்தா ஆச்சா?" ஆனாலும் டீ போட்டாள்.

இன்றைக்கே எடுத்துவிட்டு ஐ.டி. கார்டு படத்தைப் போடுவதாக விக்னேஷ் அண்ணா சொன்னார்.

அப்பா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "சிரிக்கற மாதிரி வேற படம் இல்லீங்களா?"

"இல்லீங்க. அது ஒண்ணுதான்."

"அவங்கம்மா நாளைக்கு வாராங்களாமே."

"காலைல வால்பாறை பஸ்ஸுல வாராங்க."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப எடுக்காதீங்க. எம் புள்ள பக்கத்து வெளக்கையும் பூவையும் மட்டும் மறைச்சுப்போடுங்க."

அம்மா உள்ளேயிருந்து, "ஏனுங்க..."

"இருக்கட்டும் விடு. அந்தம்மாவுக்கு இனி எங்கிருந்து வேற சிரிப்புக் கெடைக்கும்?"

போகும்போது பேக்கரி மாமா மெதுவாகக் கேட்டார், "நாளைக்குப் பாப்பா கோல்ல நிக்குதுங்களா?"

அப்பா பட்டறையில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

க்ளவுஸ் ரஜியாவிடம் இருக்கிறது. நான் போகாவிட்டால் அவளே நிற்பாள். அவள் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று எழுத நிறைய. கை வலிக்கிறது, நல்ல வலி.

காலையில் அப்பா, "கெளம்பு. அந்தம்மாவைப் பார்த்துட்டு வந்தரலாம்." பார்ப்பதற்கு மட்டும் என்றார். விளையாட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. பயம்.

போர்டைக் கிரவுண்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். என் பக்கத்து விளக்கின் மேலும் பூவின் மேலும் பச்சைக் காகிதம் ஒட்டி, அதில் கோணலாக ஒரு பந்து. மதன் அண்ணாவின் அம்மா ரொம்பச் சின்ன உருவம். வால்பாறைக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைக் கழற்றவே இல்லை. படத்திலிருந்த அண்ணாவின் பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை.

"நீதானா அது? போன் பண்ணிச் சொன்னான்டா. 'அம்மா, ஒரு பொடிசு என் பந்தைப் புடிச்சிருச்சு'ன்னு. ரெண்டு நாளா அதே பேச்சு, அதே சிரிப்பு." என் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார். "எங்க, இன்னைக்கு நிக்கலையா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா அந்த அம்மாவைப் பார்த்தார். மைதானத்தில் விசில். ரஜியா க்ளவுஸோடு ஓடி வருகிறாள்.

"செருப்பைக் கழட்டிக் குடு," என்றார் அப்பா. "நான் வெச்சிருக்கறேன்."

2–1, தோற்றோம். மூன்று பிடித்தேன். ஒன்று முகத்தில் பட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை. ரசிகர்கள் எல்லாப் பந்துக்கும் "மதனு, மதனு" என்றுதான் கத்தினார்கள், யார் அடித்தாலும், யார் பிடித்தாலும். ம. அண்ணாவின் அம்மாவும் கடைசியில் கத்தினார். தோற்ற எங்களுக்குப் பேக்கரி மாமா பப்ஸ்.

இரவு சாப்பாட்டில் அப்பா திடீரென்று, "அந்த ரெண்டாவது பந்துக்கு நீ ஏன் முன்னால ஓடுன?"

"முன்னால போனா அடிக்கறவங்களுக்கு இடம் கம்மியாத் தெரியும்ங்கப்பா."

"அதெப்படி?"

இரண்டு டம்ளரைத் தள்ளித் தள்ளி வைத்தேன். நடுவில் உப்பு டப்பா, அது நான். டப்பாவை முன்னால் நகர்த்தினேன். அப்பா கையில் சோற்றோடு தரையில் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஆமா, கம்மியாத்தான் தெரியுது."

"எங்க, நவுருங்க," என்றாள் அம்மா, தானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு.