நோட்டில் எழுதிய பெயர்

புவெனஸ் ஐரிஸ்

அன்புள்ள ராமிரோவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். நம் குட்டி நயேலி இப்போதுதான் தூங்கினாள். இருவரும் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா?

நீங்கள் கொடுத்தனுப்பிய நூறு டாலர் நோட்டை இந்த ஊர்ப் பெசோவாக மாற்ற, இன்று கல்லூரி வகுப்பு முடிந்ததும் போனேன். ஏ.டி.எம்.மில் ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் எடுக்கலாம், அதிலும் ஒரு பங்கைக் கட்டணமே தின்றுவிடும். அதனால் எல்லோரையும் போல நானும் பூக்கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில்தான் மாற்றுகிறேன். அங்கே பணம் மாற்றித் தரும் ஓஸ்வால்தோ நோட்டை விளக்கில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா இது, 'நயேலியின் குளிர் கோட்டுக்கு'ன்னு பேனாவுல எழுதியிருக்கு?"

"என் வீட்டுக்காரர் எழுதினது. நான் வேற எதுக்கும் செலவழிச்சிடக் கூடாதுன்னு."

"கையெழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா கிறுக்கின நோட்டை இங்க எவனும் வாங்க மாட்டான். முக்கால் விலைன்னா தர்றேன்."

"எங்க ஈக்வடார்ல செலவே டாலர்லதான். கிழிஞ்ச நோட்டுக்கே மீன் தர்றாங்க."

"அப்போ கோட்டும் அங்கேயே வாங்கிக்க, தாயி."

கொடுக்காமல் வந்துவிட்டேன். கவலைப்படாதீர்கள், என் கம்பளிச் சட்டையின் கையை மடித்து அவளுக்குப் போட்டுவிடுகிறேன். காலையில் மட்டும் லேசாக இருமுகிறாள்.

இனிமேல் புது நோட்டாக, மடிக்காமல் அனுப்புங்கள். எழுத நினைப்பதைத் தாளில் எழுதுங்கள், நீளமாகவே எழுதுங்கள். இந்த நோட்டை முக்கால் விலைக்குக் கொடுத்துவிடவா? உங்கள் கையெழுத்து என்பதால் எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் குளிர் அதிகமாகும் என்கிறார்கள். நீங்களே சொல்லிவிட்டால் கொடுத்துவிடுவேன்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

மரிசோல்